நிமிர்ந்து நின்ற ஒரே பக்கம்

9

மதியம் ஒன்றரை மணிக்கு அந்த முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைத்தது கோபம் ஒன்றுதான். காபி இயந்திரத்தில்கூட 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதிய ஆளுக்கும் கோபம் போலிருக்கிறது, பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

ஓட்டைவாய் அந்தக் கிழிசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்துகிறவர்களின் முகத்தை நேராகப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த வியாதியால் போன வேலைகள் இரண்டு, வாங்கிய அறை ஒன்று. வயது நாற்பத்தொன்று, மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியவன். கடைசியில் அண்ணன் மனைவியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். ஓட்டைவாய் என்பது வீட்டில் வைத்த பெயர். ரகசியம் காக்கும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

கத்திக்கொண்டிருந்தவள் பெரியவரின் மகள். பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், எட்டு மாதமாக இந்த இல்லத்தில் இருந்தார். ரத்தம் உறையாமலிருக்க அவருக்குத் தினமும் ஒரு மாத்திரை. போன செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். உள்ளே ரத்தக்கசிவு, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். மருந்து அதிகமாகிவிட்டது, உடம்பில் காயமில்லாமலே நீலத் தழும்புகள் வந்திருக்குமே, யாரும் பார்க்கவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பகல் நேர சிஸ்டர், பார்த்தேன், சார்ட்டில் எழுதினேன் என்றாள். சார்ட்டிலோ 'தழும்பு: இல்லை' என்று இருந்தது.

அந்தப் பொய்யை நிரூபிக்கத்தான் மகள் அண்ணியைப் பிடித்திருந்தாள். இன்று நாலு மணிக்கு மாடியில் செவிலியர் கவுன்சிலின் விசாரணைக் குழு உட்காரும். சிஸ்டரின் உரிமத்தைப் பறிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்.

"அவளுக்கு உரிமம் போகணும். இனி எந்தப் பெரியவங்க பக்கத்துலயும் அவ நிக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன், அவகிட்ட கதை கேட்கறதுக்கு இல்ல."

"கதையைக் கேட்காம பொய்யின்னு எப்படிச் சொல்றதும்மா?" என்றாள் அண்ணி. தாழ்ந்த குரல். அண்ணிக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். முற்றிலும் காதில் விழாமல் போனால் பக்கத்திலிருப்பவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்துப் போட்டவள் அவள். எரிந்துபோன கிடங்கில் கரி படியாமல் கிடந்த பூட்டைப் பார்த்து முதலாளியை ஜெயிலுக்கு அனுப்பிய கண்.

சிஸ்டர் ஊழியர் அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று எதிர்பார்த்துப் போன ஓட்டைவாய்க்கு ஏமாற்றம். தட்டுமுட்டுச் சாமான்களை அவள் பைக்குள் போட்ட வேகத்தில் பையே அழுதிருக்க வேண்டும்.

அவள் சொன்னது இவ்வளவுதான். அன்று காலை பெரியவரைக் குளிப்பாட்டும்போது இரண்டு முழங்கைக்கு மேலும் தழும்புகளைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு, இல்லத்தில் இருந்த ஒரே டேப்லெட்டில் சார்ட்டை நிரப்பினாள். மாத்திரையை நிறுத்த வேண்டும், இன்றே ரத்தப் பரிசோதனை, உடனே கூப்பிடவும் என்று எழுதினாள். பிடிஎஃப் ஆக்கி டாக்டருக்கு அனுப்பினாள். இரண்டு முறை போனும் செய்தாள், அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரிடமிருந்து கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அந்த இல்லத்தில் கட்டைவிரல் என்றால் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை என்று பொருள். அதை நம்பி மாலை நேர சிஸ்டர் நாலு மணிக்கு மாத்திரையைக் கொடுத்தாள். டாக்டர் வழக்கம்போல இரவு ஒன்பது மணிக்கு அன்றைய சார்ட்டை மேனேஜருக்கும் மகளுக்கும் அனுப்பிவைத்தார். அந்த சார்ட்டில் தழும்பு இல்லை.

"டேப்ல உங்க காப்பி?"

அவள் சுவரைக் காட்டினாள். 'அனுப்பியவுடன் அழிக்கவும். இடமில்லை. -மேனேஜர்.'

"கட்டைவிரலைப் பார்த்துட்டு நான் சும்மா இருந்தேன் பாருங்க, அந்தக் கோபம் எனக்கு என்மேலயே இருக்கு. அதுக்கு என்ன தண்டனை வேணா கொடுங்க. எழுதலைன்னு மட்டும் சொல்லாதீங்க."

சந்தேகத்துக்கு ஓட்டைவாய் ஏற்கெனவே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டான். மேனேஜர். மனிதர் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்ப முடியாததால் நாற்காலியோடு சேர்ந்து திரும்பினார். புது டேப் கேட்டால் கொடுப்பதில்லை, பழையதில் இடமில்லை என்றால் அழிக்கச் சொல்கிறார், இல்லத்தின் பெயர் கெட்டால் முதலில் போவது அவர் வேலைதான். நாவலில் வருகிற வில்லனுக்கு வேண்டிய எல்லாமே இருந்தது, மீசையைத் தவிர.

அண்ணி அவரிடம் கேட்டது கழுத்தைப் பற்றி. அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. தினமும் நாற்பது சார்ட் வருகிறது, நாற்பதும் கம்ப்யூட்டர் திரையில் படுத்துக் கிடக்கிறது, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்து எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று பொரிந்தார்.

"திரையில படத்தைத் திருப்ப ஒரு பட்டன் இருக்குமே சார்" என்றான் ஓட்டைவாய்.

மேனேஜர் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினார். எட்டு மாதக் கழுத்துவலி ஒரு பட்டனில் தீர்ந்திருக்கும் என்ற செய்தியை யாரும் நன்றியோடு வாங்கிக்கொள்வதில்லை.

ஊழியர் அறைக்குத் திரும்பியதும் அண்ணி சிஸ்டரிடம் டேப்பை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். "தம்பி, ஒரு சார்ட் நிரப்பி அனுப்பிப் பாரு. உனக்குச் சரியா வந்தா உலகத்துல யாருக்கும் வரும்."

வரவில்லை. பெயர் என்ற இடத்தில் தன் பெயரையும் புகார் என்ற இடத்தில் 'அண்ணி' என்றும் எழுதினான். அடியில் இருந்த 'அனுப்பு' பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. ஆட்காட்டி விரல், கட்டைவிரல், கடைசியில் முட்டி. ஊஹூம். சிஸ்டர் பொறுமையில்லாமல் டேப்பைப் பிடுங்கினாள். எட்டு மாதம் முன்பு தண்ணீர்க் குவளை விழுந்ததிலிருந்து திரையின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு உணர்ச்சியே இல்லையாம். டேப்பைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாள். பக்கமும் கூடவே படுத்து அகலமானது. பொத்தான் உயிருள்ள இடத்துக்கு நகர்ந்தது. இப்படி அனுப்பும் சார்ட் எல்லாம் எழுத்தோடு சேர்ந்து படுத்தபடிதான் போய்ச் சேரும்.

"இப்ப அழுத்துங்க. முதல் தடவை போகாது, ரெண்டாவது தடவைதான் டாக்டருக்குப் போகும். இங்க எல்லாருக்கும் தெரியும்."

அவன் முதல் தடவை அழுத்தினான். சிஸ்டர் சொன்னது போலவே டாக்டருக்குப் போகவில்லை. இரண்டாவது தடவை அழுத்துவதற்குள் அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போகலைன்னா, முதல் தடவை போனது எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதமாக யாரும் கேட்டதுமில்லை. முதல் அழுத்து வீண் என்பது அங்கே வேதவாக்கு. புதிதாகச் சேரும் சிஸ்டருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற மகளிடம் அண்ணி போனைக் கேட்டு வாங்கினாள். டாக்டர் எட்டு மாதமாக அனுப்பிய சார்ட்டுகளைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். சின்னச் சின்னக் கட்டங்களாக எல்லாம் படுத்திருந்தன. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகப் படுக்கை. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு பக்கம் எழுந்து நின்றது.

"இது இந்த டேப்லேர்ந்து வரலை" என்றாள் அண்ணி.

மகளுக்கு அது போதவில்லை. ஒரு பக்கம் நிற்பதும் படுப்பதும் ஒரு சாட்சியா, அன்றைக்கு இவள் டேப்பை எப்படிப் பிடித்தாளோ யார் கண்டது என்று சீறினாள். நியாயம்தான். அடியில் உணர்ச்சியில்லாத டேப்பை நிமிர்த்திப் பிடித்து அனுப்ப முடியாது என்று விளக்க ஓட்டைவாய் வாயைத் திறந்தபோது கதவு படாரென்று திறந்தது.

வாசலில் சலவை அறை அக்கா நின்றாள். முழங்கை வரை சோப்பு நுரை, கையில் ஒரு காகிதம், முகத்தில் எட்டு மாதக் கோபம். தன் அறை பிரிண்டர் துணிக்கட்டுச் சீட்டு அடிக்கத்தான் இருக்கிறது, கண்டவர்கள் கண்டதை அடிக்க இல்லை, மேனேஜரிடம் ஆறு தடவை சொல்லியாயிற்று, தினமும் நாற்பது காகிதம், இன்றைக்கு எவனோ வம்புக்கென்றே அடித்திருக்கிறான் என்று படித்தும் காட்டினாள்.

"புகார், அண்ணி. இதுக்கு என்ன அர்த்தம்?"

ஓட்டைவாய் கூரையைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். அதற்குமேல் அந்த விஷயம் குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டியது.

முதல் அழுத்து வீணாகவில்லை. டேப்பைப் படுக்கப் போட்டதும் யாருக்கு அனுப்புவது என்ற பட்டியலில் முதலில் வந்து விரலுக்கடியில் நின்றது டாக்டரின் பெயரல்ல. பக்கத்து அறை பிரிண்டர். டாக்டரின் பெயர் அதற்கு அடுத்தது, இரண்டாவது அழுத்துக்கு. எல்லா சிஸ்டர்களும் எட்டு மாதமாக எல்லா சார்ட்டையும் சலவை அறைக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்தக் காகிதமெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சா?" அண்ணியின் குரல் ஏறக்குறைய காற்றாக இருந்தது.

"ஒரு பக்கம் வெள்ளையா இருக்கிற காகிதத்தைக் குப்பையில போட எனக்கென்ன மூளை கெட்டுப் போச்சா? பின்பக்கம் துணிக்கணக்கு எழுதுவேன். எழுதினதை அலமாரித் தட்டுல விரிச்சு மேலே துணி அடுக்குவேன்."

சலவை அறை வெந்நீர் ஆவியில் மிதந்தது. நால்வரும் போர்வைகளை இறக்கினார்கள், தலையணை உறைகளை இறக்கினார்கள். மகளும் இறக்கினாள், உதவி செய்கிற வேகமாக அது தெரியவில்லை, எதிராளியின் வீட்டைச் சோதனை போடுகிற வேகம். ஓட்டைவாய் ஒரு துண்டுக் குவியலைச் சரித்துவிட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மூன்றாவது அலமாரியில், படுக்கை விரிப்புகளுக்கு அடியில் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

அகலமான பக்கம். செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இரண்டு நிமிடம். இரண்டு முழங்கைக்கு மேலும் நீலத் தழும்புகள். மாத்திரையை நிறுத்த வேண்டும். இன்றே ரத்தப் பரிசோதனை. உடனே கூப்பிடவும்.

மகள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, இதை இவள் நேற்றுகூட அடித்து உள்ளே சொருகியிருக்கலாமே என்றாள். சொல்லும்போதே குரலில் பிடி தளர்ந்திருந்தது. அண்ணி காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் அக்காவின் கையெழுத்தில் செவ்வாய்க்கிழமைத் துணிக்கணக்கு: விரிப்பு அறுபத்திரண்டு, உறை எண்பது. அடியில் துணி வண்டி ஓட்டுநரின் கையெழுத்து, பன்னிரண்டு மணி. பெரியவர் விழுந்தது ஐந்தரைக்கு. விழப்போவதை ஐந்தரை மணி நேரம் முன்பே அறிந்து ஆதாரம் தயாரிக்கிறவள் ஏன் இங்கே வேலை பார்க்கப் போகிறாள்?

சிஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மேனேஜர்தான் அண்ணி" என்றான் ஓட்டைவாய், மாடிப்படி ஏறும்போது. "சிஸ்டர் அனுப்பினதை டாக்டருக்குப் போறதுக்குள்ள நடுவுல மாத்தியிருக்கார்."

"அந்தாளு கழுத்தைப் பார்த்தியா?"

"பட்டை கட்டியிருக்கார்."

"ஏன் கட்டியிருக்கார்? படுத்த பக்கத்தைப் படிச்சுப் படிச்சு. அவர் பொய் சார்ட் செஞ்சிருந்தா அதையும் படுக்கத்தான் போட்டிருப்பார். தினமும் பார்க்கிற ஆளுக்கு அது தெரியும். நிமிர்ந்து நிக்கிற பக்கத்தைச் செய்யணும்னா, இங்கேர்ந்து வர்ற சார்ட் எப்படி இருக்கும்னே தெரியாத ஆளா இருக்கணும்." அடுத்த படியில் அவள் குரல் இன்னும் இறங்கியது. "ஒரு நாளும் திறக்காத ஆளா இருக்கணும்."

ஓட்டைவாய்க்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை. அபூர்வம்தான்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவி ஓய்வுபெற்ற தலைமை செவிலியர், தலைமுடியைப் போலவே பேச்சும் இறுக்கிக் கட்டியது. சாட்சி சொல்ல வந்த டாக்டர் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை, அலுத்துப்போன முகம். தழும்பு இல்லை என்று சிஸ்டர் எழுதியதால்தான் கட்டைவிரல் போட்டேன், அவள் எதற்கெடுத்தாலும் போன் செய்கிறவள், அதனால் எடுக்கவில்லை என்று சொல்லி முடித்திருந்தார். சிஸ்டரைப் பார்க்கும்போது அவர் முகத்தில் பரிதாபம்கூட இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஓட்டைவாய்க்கு ரத்தம் கொதித்தது. கோபப்படுகிறவனைச் சகித்துக்கொள்ளலாம், தன் குற்றத்தை அடுத்தவள் தலையில் வைத்துவிட்டுப் பரிதாபப்படுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அண்ணி, ஒரு கேள்விதான் என்று தலைவியிடம் அனுமதி வாங்கினாள்.

"டாக்டர், இந்த எட்டு மாசமும் இவங்க அனுப்பின சார்ட்டையெல்லாம் படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம."

"எதுல?"

"போன்லதான்."

"படிக்கிறப்போ போனைச் சாய்க்க வேண்டியிருந்ததா, எழுத்தைப் பெரிசாக்க வேண்டியிருந்ததா? கண்ணுக்குக் கஷ்டமா இருந்திருக்குமே."

டாக்டர் மெல்லச் சிரித்தார். "எதுக்கு? போனை இப்படி நேரா பிடிச்சா பக்கம் அப்படியே முழுசா நிக்கும். அந்த ஃபார்மை வடிவமைச்சதே நான்தான். ஒரு நாள்கூட சிரமம் இருந்ததில்ல."

மேனேஜரின் கை தானாகக் கழுத்துப் பட்டைக்குப் போனது. தலைவி முன்னால் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். எட்டு மாத சார்ட்டுகளை மேனேஜர்தான் அச்சிட்டுக் கொடுத்திருந்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்து, இருபது, ஐம்பது. எல்லாம் அகலவாக்கில். ஒன்று மட்டும் நெடுக்கில். அண்ணி சலவை அறைக் காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள், பின்பக்கத்தையும் காட்டினாள்.



"சிஸ்டர் சார்ட்ல எழுதினதாச் சொல்றாங்கன்னு கேட்டதும் உங்க ஃபார்மை எடுத்து 'இல்லை'ன்னு நிரப்பி ஒன்பது மணிக்கு அனுப்பிட்டீங்க" என்றாள் அண்ணி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "அவங்க அனுப்பினது அப்பவும் உங்க போன்லதான் இருந்திருக்கும். அன்னைக்கு ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தீங்கன்னா, பொய்யைக்கூட ஒழுங்கா படுக்கப் போட்டிருப்பீங்க. அழிக்கிறதுக்கு முன்னாடிகூட படிக்கலை."

டாக்டர், ஒரு நாளைக்கு நூறு பேர், மூன்று இல்லங்கள், நானும் மனிதன்தானே என்று தொடங்கினார்.

"தபால்காரர்கூட முகவரியைப் படிப்பார் டாக்டர்" என்றான் ஓட்டைவாய். அண்ணி அவனை அதட்டவில்லை.

தலைவி சிஸ்டரின் கோப்பை மூடி அவள் பக்கம் தள்ளினாள். உரிமம் அவளிடமே இருக்கும் என்றாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலே டாக்டரின் பெயரை எழுதினாள். எழுதி முடிக்கும்வரை யாரையும் எழுந்து போக அனுமதிக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் மேனேஜர் சிஸ்டரிடம் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்று சொல்லிப் பார்த்தார். புது டேப் வரட்டும், அப்புறம் யோசிக்கிறேன் என்று அவள் நடந்துகொண்டே பதில் சொன்னாள். மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று ஓட்டைவாய் எதிர்பார்த்தான். கோபம் ஆறாத வாய்க்கு அது அவ்வளவு சுலபத்தில் வராது. இவ்வளவு நாள் தப்பான ஆளைத் திட்டியதற்கும் சேர்த்து அவள் கண்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

சிஸ்டர்தான் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில எந்தப் பக்கம் படுக்க வச்சிருக்காங்க?"

"யாரை?"

"உங்க அப்பாவைத்தான். வலது பக்கம் படுத்தா அவருக்கு மூச்சு வாங்கும். வார்டுல சொன்னீங்களா?"

மகள் இல்லையென்று தலையசைத்தாள். தனக்குத் தெரியாது என்றாள்.

"எட்டு மாசமா தினமும் சார்ட்ல முதல் வரியே அதுதாங்க."

மகள் தன் போனைப் பார்த்தாள். பேசியபோது அந்தக் கத்தல் குரல் எங்கோ போயிருந்தது. "எல்லாம் படுத்துக்கிட்டு, எழுத்து பொடிப்பொடியா இருக்கும். அப்புறம் பார்த்துக்கலாம்னு மூடிடுவேன். செவ்வாய்க்கிழமை வந்ததுதான் நேரா இருந்தது. அதை மட்டும்தான் முழுசா படிச்சேன்."

ஓட்டைவாய் வாயை மூடிக்கொண்டான். அண்ணி அவன் தோளைத் தொட்டாள், அவ்வளவுதான்.

சிஸ்டர் பையைத் தோளில் மாட்டினாள்.

"வண்டியை எடுங்க. நேர்லயே போய்ச் சொல்லிடலாம். என்னைத் திட்ட இன்னும் மிச்சமிருந்தா வழியில திட்டுங்க, நானும் உங்களைத் திட்டணும்."